திரிபுவன வீரனின் நாற்பது ஆண்டுகள்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் எட்டு கிலோமீட்டருக்குள் திரிபுவனம் வந்துவிடும். இந்த ஊருக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். சாலையின் இருபுறமும் பட்டுக்கடைகள், உள்தெருக்களில் தறிச் சத்தம். ஜவுளி எடுத்த கையோடு கிளம்பிவிடுகிற குடும்பங்களில் எத்தனை பேர் நிமிர்ந்து அந்த விமானத்தைப் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் என்று சோழர் எழுப்பிய பெரிய விமானங்களின் வரிசையில் நான்காவதும் கடைசியுமானது இது. முதல் மூன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. 1987இல் தஞ்சையும், 2004இல் மற்ற இரண்டும் சேர்ந்தன. திரிபுவனம் அதில் இல்லை. சுற்றுலாப் பேருந்துகளும் தாராசுரத்தோடு திரும்பிவிடுகின்றன.

கோயிலின் சுவாமி கம்பகரேஸ்வரர், நடுக்கம் தீர்த்த பெருமான். அம்பாள் அறம் வளர்த்த நாயகி. தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் பூசை தவறாமல் நடக்கிறது. சரபர் சந்நிதிக்கென்றே தனியாக வருகிற கூட்டமும் உண்டு. நரசிம்மத்தின் உக்கிரத்தை அடக்க சிவன் எடுத்த வடிவம் சரபம் என்பது சைவ மரபு. பிரம்மஹத்தி பிடித்து நடுங்கிய வரகுண பாண்டியனுக்கு இங்கே நடுக்கம் தீர்ந்தது என்று தலபுராணம் சொல்கிறது. கதையில் வருகிற அரசன் பாண்டியன். கோயிலைக் கட்டியவனோ பாண்டியர்களோடு வாழ்நாள் முழுக்கப் போரிட்ட சோழன். மூன்றாம் குலோத்துங்கன் என்று வரலாற்றுப் புத்தகங்கள் அவனை அழைக்கின்றன. ஆட்சிக்காலம் 1178 முதல் 1218 வரை. திரிபுவன வீரதேவன் என்பது அவன் சூடிக்கொண்ட விருதுப்பெயர். அந்தப் பெயர்தான் ஊருக்கும் நிலைத்தது.

விமானத்தை அண்ணாந்து பார்ப்பதை விட, குனிந்து அதன் அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். யாளி வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாக ராமாயணம் ஓடுகிறது. தாராசுரத்தின் நுணுக்கத்தோடு ஒப்பிட்டால் உளியின் வேகம் இங்கே சற்று மட்டுத்தான். ஆனால் அளவில், உயரத்தில், திட்டத்தில் இந்தக் கோயிலில் எந்தக் குறையும் இல்லை. கல்லே விளையாத வண்டல் பூமியில், ஒவ்வொரு கருங்கல்லையும் வெளியூரிலிருந்து இழுத்துவந்து இதைக் கட்டியிருக்கிறார்கள். சோழ ராஜ்யம் சரியப் போகிற நேரத்தில் எழுந்த கட்டடம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஊகிக்க முடியாது.

கட்டியவன் என்ன நினைத்தான் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. கிரந்த எழுத்தில், வடமொழியில் ஒரு நீண்ட கல்வெட்டு. ராஜ்யத்தின் வெற்றிகளைச் சொல்லிவிட்டு, அவன் செய்த திருப்பணிகளை ஊர் ஊராக அடுக்குகிறது அது. தில்லையில் சபாபதிக்கு முகமண்டபம், அம்பாளுக்குக் கோபுரம், காஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயில், மதுரையில் ஆலவாயான் கோயில், பக்கத்திலேயே திருவிடைமருதூர், தாராசுரத்து ராஜராஜேச்சரம், திருவாரூரில் வன்மீகநாதருக்கு சபாமண்டபமும் பெரிய கோபுரமும். எல்லாவற்றுக்கும் முடிவில் இந்தத் திரிபுவன வீரேச்சரம். பிரதிஷ்டை செய்தவர் அரசனின் ராஜகுரு ஈசுவரசிவர். சைவ சித்தாந்த நூல் எழுதிய பெரிய பண்டிதர். ஒரே அரசன் இத்தனை ஊர்களில் கை வைத்திருக்கிறான் என்றால், டெல்டாவின் கோயில்களில் நாம் இன்று பார்க்கிற தோற்றத்தில் அவனுக்குப் பெரும்பங்கு உண்டு. ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு விழாவும் இல்லை, அவனை வைத்து எழுதிய தொடர்கதை எதுவும் நம் வீடுகளில் புழங்கவும் இல்லை.

நூலறிவிலும் அந்தக் காலம் வறண்டதல்ல. பவணந்தி முனிவர் நன்னூல் எழுதக் காரணமாக இருந்த சீயகங்கன் இவனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசன். எழுத்தும் சொல்லும் எப்படிப் புணரும் என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த சூத்திரங்கள் இந்த ஆட்சியின் நிழலில் பிறந்தவை.

அவன் அரியணை ஏறியபோது இருந்த நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதலாம் ராஜராஜனின் நேர்வழி எப்போதோ முடிந்திருந்தது. இரண்டாம் ராஜராஜன் இறந்தபோது அவனுடைய பிள்ளைகள் ஓரிரண்டு வயதுக் குழந்தைகள். அமைச்சர் பல்லவராயர் அவர்களை ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து பத்திரமாக அப்புறப்படுத்தி, வேறு கிளையில் வந்த இரண்டாம் ராஜாதிராஜனுக்கு முடிசூட்ட ஏற்பாடு செய்தார் என்று மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு விவரமாகச் சொல்கிறது. அந்த ராஜாதிராஜனுக்குப் பின் வந்தவன்தான் நம் குலோத்துங்கன். மதுரையில் பாண்டியர்களுக்குள் பங்காளிச் சண்டை மூண்டு, ஒரு தரப்புக்கு இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு படை அனுப்ப, இன்னொரு தரப்புக்குச் சோழர் துணை நிற்க, அந்த நெருப்பு அணையாமலே அவன் கைக்கு வந்து சேர்ந்தது.

அதை அவன் மூன்று முறை மிதித்தான். 1182க்கு முன்பே முதல் போர்: வீரபாண்டியனை விரட்டி, தனக்கு வேண்டிய விக்கிரம பாண்டியனை மதுரையில் உட்கார வைத்தான். வீரபாண்டியன் சும்மா இருக்கவில்லை. சேரனின் துணையோடு மீண்டும் கிளம்பினான். நெட்டூரில் தோற்றான். கடைசியில் குடும்பத்தோடு வந்து காலில் விழ, அவன் முடித்தலை மேல் தன் அடியை வைத்துவிட்டு, உயிரையும் கொஞ்சம் நிலத்தையும் கொடுத்து அனுப்பினான் சோழன். கொங்கு நாட்டின் மேலும் படையெடுப்பு நடந்தது. தெலுங்குச் சோடர் கையிலிருந்த காஞ்சி 1196இல் மீண்டது. அவனுடைய பிற்காலக் கல்வெட்டுகளில் பெயருக்கு முன் மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளியவன் என்ற நீண்ட விருது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது போர் 1205 வாக்கில், சடையவர்மன் குலசேகர பாண்டியன் மேல். இந்தப் போரில் நடந்ததுதான் பின்னால் சோழ நாட்டுக்கே வினையாக வந்தது. மதுரையில் பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்து, கழுதை ஏர் பூட்டி உழுது, கவடி விதைத்ததாகக் குலோத்துங்கனின் புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டு பெருமையோடு பேசுகிறது. பகைவனின் அரண்மனையைக் கழுதை கொண்டு உழுவது சங்க காலத்திலிருந்து நம் அரசர்கள் செய்துவந்த அவமானச் சடங்கு. மதுரைக்கே முடித்தலைகொண்ட சோழபுரம் என்று பெயர் மாற்றினான். அங்கே வீராபிஷேகமும் விஜயாபிஷேகமும் செய்துகொண்டு திரிபுவன வீரதேவன் ஆனான். அதே கையால் சொக்கநாதருக்குத் திருப்பணியும் செய்தான். தோற்றவனின் கோயிலைத் தொடாமல், தோற்றவனின் கூடத்தைத் தரைமட்டமாக்குவது அந்தக் காலத்து நியாயம். அந்த நியாயம் எதிராளிக்கும் தெரியும் என்பதை அவன் யோசித்தானா? நான் படித்தவரை, வெற்றியின் உச்சத்தில் அவன் செய்த மிகப்பெரிய அரசியல் பிழை இதுதான். போரில் தோற்ற பாண்டியன் திறை கட்டிக் காலம் தள்ளியிருப்பான். முடிசூடும் இடத்தை உழுதுவிட்ட பிறகு எந்தப் பாண்டியனும் அதை மறந்திருக்க முடியாது.

உள்ளூரிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. சம்புவராயர், காடவராயர், மலையமான், அதிகைமான் என்று வடக்கே இருந்த சிற்றரசர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, யாரோடு சேருவது, யாரை எதிர்ப்பது என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். செங்கம் கோயிலில் அப்படிப்பட்ட உடன்படிக்கைகளைக் காணலாம். ராஜாவின் பெயரும் ஆட்சியாண்டும் மேலே மரியாதையாக இருக்கும். கீழே அவனைக் கேட்காமல் எடுத்த முடிவுகள் இருக்கும். மன்னன் உயிரோடு, படையோடு, வெற்றியோடு இருக்கும்போதே இது நடந்தது. ஒய்சள மன்னன் இரண்டாம் வல்லாளனோடு பெண் கொடுத்த உறவு வேறு ஏற்பட்டிருந்தது. அந்த உறவுதான் கடைசியில் உயிர்ப்பிச்சையாக உதவியது.

1216இல் மதுரையில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் பட்டத்துக்கு வந்தான். குலசேகரனுக்குப் பின் வந்தவன். கழுதை உழுத மண்டபத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை. வந்த வேகத்தில் சோழ நாட்டுக்குள் நுழைந்தான். தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாயின என்று அவனுடைய மெய்க்கீர்த்தி விரித்துச் சொல்கிறது. மாட மாளிகைகளையும் மதிலையும் ஆடரங்கையும் மண்டபங்களையும் இடித்ததையும், குளங்களைக் கலக்கியதையும், இடித்த இடத்தில் கழுதை ஏர் பூட்டி உழுது கவடி விதைத்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. மதுரையில் கற்ற பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்ன மாதிரி. பின் ஆயிரத்தளியில் சோழர் முடிசூடும் மண்டபத்திலேயே வீராபிஷேகம் செய்துகொண்டு, தில்லைக்குப் போய்க் கூத்தப்பெருமானைக் கும்பிட்டான்.

குலோத்துங்கன் அப்போது முதியவன். ஆண்டு கொண்டிருந்தது ஏறக்குறைய நாற்பது வருடம். பகைவனிடம் தலைநகரை விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் ஒதுங்கினான். பொன்னமராவதியில் பாண்டியன் தங்கியிருந்தபோது, சோழன் தன் பிள்ளையோடு வந்து பணிந்து நிற்க, முடியும் நாடும் அவனிடமே திரும்பக் கொடுக்கப்பட்டன. இந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் ஒய்சளப் படை நகர்ந்து வந்த கணக்கும் உண்டு. சோணாடு வழங்கியருளிய சுந்தரபாண்டியன் என்ற விருதைப் பாண்டியன் எடுத்துக்கொண்டான். சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன் என்ற பட்டத்தை ஒய்சளன் எடுத்துக்கொண்டான். ஒரே தோல்வியிலிருந்து இரண்டு பேருக்குப் பட்டம் கிடைத்தது. சோழனுக்கு மிஞ்சியது திறை செலுத்தும் சிங்காதனம். 1218 வாக்கில் அவன் காலமும் முடிந்தது.

இந்த அழிவைப் பற்றிய மிக விசித்திரமான சாட்சி தஞ்சையில் இல்லை, திருச்சிக்கு வடக்கே திருவெள்ளறையில் இருக்கிறது. புண்டரீகாட்சப் பெருமாள் கோயில். ஊரில் பல்லவர் காலத்து ஸ்வஸ்திக வடிவக் கிணறு ஒன்றும் உண்டு, அதைப் பார்க்கத்தான் பலரும் போவார்கள். அந்தக் கோயிலில் ஒரு பாட்டு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதன் செய்தி இதுதான்: மாறன் சினந்து பாய்ந்தபோது காவிரி நாட்டில் பிடுங்கி எறியப்படாத தூணே இல்லை, பட்டினப்பாலை பாடிய கண்ணனுக்கு அந்நாளில் சோழன் பரிசாகக் கொடுத்த மண்டபத்தின் பதினாறு தூண்கள் மட்டும் நின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடியது சங்க காலத்தில். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, சோழ நாட்டையே உழுது போட்ட பாண்டியன், ஒரு புலவனின் பரிசு என்பதற்காக ஒரு மண்டபத்தைத் தொடாமல் விட்டிருக்கிறான். அல்லது அப்படி விட்டதாகச் சொல்லிக்கொள்வது பெருமை என்று நினைத்திருக்கிறான். இரண்டில் எது என்றாலும் எனக்கு இந்தப் பாட்டு முக்கியம். எரித்தவனும் எரிபட்டவனும் ஒரே இலக்கியத்துக்கு வாரிசுகள் என்பது அந்தப் படைவீரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பதினாறு தூண்களும் இன்று எங்கும் இல்லை. கல்லில் வெட்டிய பாட்டு இருக்கிறது.

அரண்மனைகள் ஏன் இப்படி அடியோடு போயின, கோயில்கள் ஏன் நின்றன என்று பலரும் கேட்பதுண்டு. சாமிக்குக் கருங்கல், ராஜாவுக்குச் செங்கல்லும் மரமும் என்றுதான் சோழர் கட்டினார்கள். எரித்தால் கூரை போய்விடும். கூரை போனால் நான்கு மழைக்குச் சுவர் போய்விடும். மிச்சத்தை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1980 முதல் தோண்டியதில் வெளிப்பட்டவை செங்கல் சுவர்களின் அடிப்பகுதிகளும் கூரை ஓடுகளும்தான். தஞ்சாவூரில் இன்று அரண்மனை என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது நாயக்கரும் மராட்டியரும் கட்டியது. சோழனுடையதில் நம் கையில் தருவதற்கு ஒரு நிலைப்படிகூட இல்லை.

ஆனால் பெயர்கள் இருக்கின்றன. தாராசுரத்துக்குத் தெற்கே, பட்டீசுவரம் போகும் வழியில், பழையாறையைச் சுற்றி சோழன்மாளிகை என்று ஒரு கிராமம். அருகருகே ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர். அரண்மனையும் அதைச் சூழ்ந்த படைவீடுகளும் கொண்ட ஒரு நகரத்தின் வரைபடத்தை மினிபஸ் நிறுத்தங்களின் பெயர்களை வைத்தே ஒருவர் வரைந்துவிடலாம். சோழன்மாளிகையில் மாளிகை இல்லை. சம்பா நடவும் வாழைத்தோப்பும் தெரு ஓரத்தில் காயும் நெல்லும்தான். கோடையில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது பழைய செங்கல் கிடைத்தால் அதைத் தூக்கிப் போடாமல் தொல்லியல் துறைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இந்தப் பக்கத்து நண்பர்களிடம் நான் சொல்வது வழக்கம்.

இதே ஆண்டுகளில் பாரசீகத்தை ஆண்ட ஒருவனுக்கும் இதைவிடக் கொடிய முடிவு நேர்ந்தது. அவனையும் இங்கே வைத்துப் பார்ப்பது நல்லது. குவாரசம் ஷா இரண்டாம் முகமது, 1200இல் பட்டமேறியவன். ஆமு நதி பாயும் வண்டல் நாட்டில் உர்கெஞ்ச் அவன் தலைநகரம். ஈரானின் பெரும்பகுதியும் சமர்க்கண்டும் புகாராவும் கஜினியும் அவன் கையில் இருந்தன. 1218இல் ஒத்ரார் என்ற எல்லை நகரத்தில் செங்கிஸ்கான் அனுப்பிய வணிகச் சாத்தை அவனுடைய ஆளுநர் பிடித்துக் கொன்றார். கேட்டு வந்த தூதரையும் முகமது கொல்ல வைத்தான். மறு ஆண்டே மங்கோலியர் வந்தார்கள். 1220இல் புகாராவும் சமர்க்கண்டும் வீழ்ந்தன. ஊர் ஊராக ஓடிய ஷா, அந்த ஆண்டு முடிவதற்குள் காஸ்பியன் கடலில் ஒரு சிறு தீவில் நோயில் செத்தான். போர்த்திப் புதைக்கத் துணிகூட இல்லை என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தார்கள். 1221இல் உர்கெஞ்ச் விழுந்தது; ஆற்றின் அணையை உடைத்து ஊருக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள் என்பதும் அவர்கள் எழுதியதே. அணை உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று துர்க்மெனிஸ்தானில் இருக்கும் அந்தப் பழைய நகரத்தில் ஷாவின் அரண்மனை இல்லை. அவன் தகப்பன் தெகேஷின் சமாதி என்று சொல்லப்படுகிற கட்டடம், நீல ஓடு பதித்த கூம்பு விதானத்தோடு, நிற்கிறது.

குலோத்துங்கனுக்கும் இந்த முகமதுவுக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படுகிறது. உர்கெஞ்சில் படையெடுத்தவன் அந்த நாட்டின் ஆற்றையே ஆயுதமாக்கினான். சுந்தரபாண்டியன் தஞ்சையைக் கொளுத்தினாலும் காவிரியைக் கெடுக்கவில்லை, கோயில்களைத் தொடவில்லை, அரசனைக் கொல்லவில்லை. அவனுக்கும் இந்த நெல் தேவைப்பட்டது. அரண்மனை போனாலும் வயல் நின்றது என்பதால்தான் அடுத்த அறுபது ஆண்டுகள் சோழன் என்ற பெயர் உயிரோடு இருந்தது. அந்த அறுபது ஆண்டுகளில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. மூன்றாம் ராஜராஜனை 1231இல் காடவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். ஒய்சள இரண்டாம் நரசிம்மன் வந்து மீட்டான். மூன்றாம் ராஜேந்திரனோடு 1279இல் வம்சக் கணக்கு நின்றுபோகிறது.

ஆகவே, குலோத்துங்கனைப் பற்றி அவனே எழுதிவைத்த கல் ஒன்று திரிபுவனத்தில் இருக்கிறது. அவனை வென்றவன் சார்பில் எழுதிய கல் ஒன்று திருவெள்ளறையில் இருக்கிறது. இரண்டையும் வாசித்துவிட்டு அந்த ஆட்சியைத் தெரிந்துகொண்டோம் என்று எழுந்து போனால், மூன்றாவது கல்லுக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம்.

அது திருப்பாம்புரத்தில் இருக்கிறது. பேரளம் பக்கத்தில், திருவாரூர் மாவட்டத்தில், ராகு கேது தோஷத்துக்காக ஜனங்கள் தேடி வருகிற சேஷபுரீஸ்வரர் கோயில். குலோத்துங்கனின் இருபத்து மூன்றாம் ஆட்சியாண்டு, அதாவது 1201. காலம் பொல்லாததாகி, காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற நேரம். ஒரு வெள்ளாளன், தன் இரண்டு பெண்மக்களோடு, 110 காசுக்குக் கோயிலிடம் தன்னை விற்றுக்கொண்டான் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பரம்பரையாக ஏர் பிடித்தவன், காவிரியின் கடைமடையில்.

இந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த அளவைகள் பழக்கம்தான். எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆக, ஒரு கலத்துக்கு 96 நாழி. காசுக்கு மூன்று நாழி வீதம் 110 காசுக்குக் கிடைப்பது 330 நாழி. கலத்தில் சொன்னால் மூன்றரைக் கலத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று மனிதர்களின் முழு ஆயுளுக்கும், அவர்களுக்குப் பின் பிறக்கப் போகிறவர்களின் ஆயுளுக்கும் சேர்த்துக் கொடுத்த விலை, அன்றைய சந்தையில் மூன்றரைக் கலம் நெல். முதலாம் ராஜராஜன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல் என்று கணக்கு வருகிறது. இடையில் இருநூறு ஆண்டுகள். காசின் தரமும் தாழ்ந்துவிட்டது. ஆகையால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பேசுவது சரியாகாது. அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் இரண்டு கலத்திலிருந்து மூன்று நாழி என்பது வயிற்றைக் கலக்கும் இறக்கம்.

டெல்டாவில் பஞ்சமா என்று கேட்பவர்கள் உண்டு. மழை பொய்த்தால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. தண்ணீர் அதிகமாகி நாற்று அழுகினாலும் வரும். படை நடந்தாலும் வரும். வரி தண்டுகிற கை தளராமல் இருந்தாலும் வரும். அந்த ஆண்டில் இவற்றில் எது முன்னால் வந்தது என்று கல் சொல்லவில்லை. அது சொல்வது விலையும் விளைவும் மட்டும். ஆனால் இதற்கு முன் இரண்டு பாண்டியப் போர்கள் முடிந்திருந்தன, மூன்றாவது இன்னும் சில ஆண்டுகளில் வரவிருந்தது, கோபுரங்களும் மண்டபங்களும் நாடெங்கும் ஏறிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் நெல் இந்த வயல்களிலிருந்துதான் போக வேண்டும். அரசனுக்கு வேறு பொன்சுரங்கம் கிடையாது.

கோயிலைக் குற்றம் சொல்வது இன்றைக்கு எளிது. அன்று கையிருப்பில் நெல்லும் காசும் வைத்திருந்த இடம் ஊரில் அது ஒன்றுதான். கடன் கொடுத்ததும் கோயில், ஏரியையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டதும் பல ஊர்களில் கோயில். அந்தக் குடியானவன் கோயில் வாசலுக்கு வராமல் இருந்திருந்தால் மூவரும் செத்திருப்பார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம். சோறு கொடுத்துவிட்டு ஆளை எடுத்துக்கொண்டது என்பதும் உண்மை. சிவன் கோயில் அடிமைகளுக்குச் சூலக்குறி பொறிக்கிற வழக்கம் அந்நாளில் இருந்தது. அந்த இரண்டு பெண்களின் தோளையோ பாதத்தையோ நினைக்காமல் என்னால் திருப்பாம்புரத்துப் பிராகாரத்தைச் சுற்றி வர முடிவதில்லை.

மூன்றாம் குலோத்துங்கனைப் பெரிய அரசன் என்று நான் இப்போதும் சொல்வேன். கரைந்துகொண்டிருந்த ராஜ்யத்தை நாற்பது ஆண்டுகள் தன் ஒருவனுடைய திறமையால் பிடித்து நிறுத்தியவன், திரிபுவனத்தைக் கட்டியவன். ஆனால் அவன் ஆட்சியைப் பார்க்கப் போகிறவர்கள் திரிபுவனத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பேரளம் பஸ் ஏறித் திருப்பாம்புரமும் போக வேண்டும். அங்கிருக்கிற கல் யாருக்கும் இரங்கி வெட்டியதல்ல. மூன்று பேரை விலைக்கு வாங்கியதற்குக் கோயில் தன்னிடம் வைத்துக்கொண்ட கிரயப் பத்திரம் அது. நாளைக்கு அவர்களில் யாராவது, அல்லது அவர்கள் பிள்ளைகள், நாங்கள் அடிமை இல்லை என்று சொல்லிவிட்டால் காட்டுவதற்காக, விலையையும் ஆண்டையும் அரசனின் பெயரையும் சேர்த்துச் சுவரில் வெட்டினார்கள்.